வில்லின் கனம்

கிள்ளான் நகரத்திற்கும் துறைமுகத்திற்கும் இடையில் அமைந்துள்ள பண்டமாரானில், பகல் முழுவதும் கொள்கலன் லாரிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. அவ்வூரின் வரிசை வீடு ஒன்றில், பள்ளி விடுமுறை தொடங்கிய நாள் முதல் அந்த இரைச்சலோடு இன்னோர் ஒலியும் சேர்ந்துகொண்டது. தாழ்வான, கரகரப்பான, நீண்ட ஒலி அது. அண்டை வீட்டுச் சீனப் பாட்டி முதல் நாளே வேலியோரம் வந்து, தண்ணீர் இறைக்கும் மோட்டார் பழுதாகிவிட்டதா என்று மலாய்மொழியில் அக்கறையோடு விசாரித்தார். வீட்டினுள் இருந்த படிவம் நான்கு மாணவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருசேர வந்தன. அவள் அப்போது டபுள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தாள்.

வயலின் குடும்பத்தைச் சேர்ந்த கருவிகளுள் மிகப் பெரியது டபுள் பேஸ். அது ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். வாசிப்பவர் நின்றுகொண்டோ உயரமான முக்காலியில் அமர்ந்தோ அதைத் தம் உடலில் சாய்த்து வைத்துக்கொள்வார். அதன் நான்கு தந்திகளுள் மிகத் தடித்தது ஈ எனும் சுரத்திற்குரியது. அத்தந்தி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை மட்டுமே அதிரும். மனிதக் காது கேட்கக்கூடிய ஒலிகளின் கீழ் எல்லையிலிருந்து அது வெகு தொலைவில் இல்லை. இவ்வளவு பெரிய கருவியைப் பள்ளியிலிருந்து அப்பாவின் வேனில் ஏற்றி வீட்டிற்குக் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிட்டது.

உண்மையில், அந்த மாணவி டபுள் பேஸை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஏழு வயது முதல் சனிக்கிழமைதோறும் அம்மாவோடு கொமுட்டர் இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் சென்று, கர்நாடக இசைமுறையில் வயலின் கற்றவள் அவள். இடைநிலைப்பள்ளிக்கு வந்தபோது, அங்கிருந்த ஒரே இசைக்குழு சீன இசைக்குழுதான். அதில் வயலின் இல்லை. எர்ஹூ எனப்படும் இருதந்திக் கருவியே அங்கு வயலினின் இடத்தில் இருந்தது. எர்ஹூ வரிசையில் இடங்கள் நிரம்பிவிட்டன. தாழ்சுரங்களுக்காகச் சீன இசைக்குழுக்கள் செல்லோவையும் டபுள் பேஸையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். முந்தைய ஆண்டு பேஸ் வாசித்த மாணவர் படிவம் ஐந்தை முடித்துச் சென்றுவிட்டார். மாணவர்கள் ‘லாவ்ஷி’ என்றழைக்கும் இசையாசிரியர், அறையின் மூலையில் உறை போர்த்திச் சாய்ந்திருந்த அக்கருவியைச் சுட்டிக் காட்டினார். “நீ உயரமாக இருக்கிறாய். வில்லும் பிடித்துப் பழகியிருக்கிறாய்” என்றார். வேறு வழியின்றி அவள் தலையாட்டினாள்.

இவ்வாறு வேறு வழியின்றி டபுள் பேஸிடம் வந்து சேர்ந்தோர் வரலாற்றிலும் உண்டு. 1821இல் இத்தாலியில் பிறந்த ஜொவான்னி பொட்டெசினி சிறுவயதில் வயலின் கற்றவர். 1835இல் மிலான் இசைக்கல்லூரியில் சேர விரும்பியபோது, பணவசதியற்ற அவருக்கு உதவித்தொகை தேவைப்பட்டது. அப்போது பசூன் எனும் ஊதுகருவிக்கும் டபுள் பேஸுக்கும் மட்டுமே உதவித்தொகை இடங்கள் காலியாக இருந்தன. அவர் டபுள் பேஸைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் உலகம் போற்றும் பேஸ் கலைஞராகவும் இசை நடத்துநராகவும் உயர்ந்தார். 1871இல் கெய்ரோ நகரில் வெர்டியின் ‘ஐடா’ எனும் இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது அதை நடத்தியவர் அவரே. எனினும், பண்டமாரான் மாணவிக்கு முதல் சில மாதங்களில் இத்தகைய கதைகள் ஆறுதல் தரவில்லை. அவளுடைய கவலை வேறாக இருந்தது.

ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு ஆசிரியர் தேர்ந்தெடுத்திருந்த இசைப்படைப்பு டபுள் பேஸின் ஒற்றைச் சுரத்தோடு தொடங்கியது. எட்டு எண்ணிக்கை வரை பேஸ் மட்டுமே ஒலிக்க வேண்டும். அதன் பிறகுதான் எர்ஹூ தன் இராகத்தைத் தொடங்கும். இடக்கையால் எந்தத் தந்தியையும் அழுத்தத் தேவையில்லை. ஈ தந்தியை வெறுமனே விட்டு, அதன்மீது வில்லை இழுத்தால் போதும். தாளில் பார்ப்பதற்கு அது ஒரே ஒரு சுரம். ஆனால், அவள் வில்லை இழுத்ததும் முதலில் ஒன்றுமே கேட்காது. பிறகு தந்தி உறுமும். நடுவில் குரல் உடையும். வில்லின் நுனிக்கு வந்ததும் ஒலி தேய்ந்து காணாமல் போகும். கூட்டுப்பயிற்சியின்போது எர்ஹூ வாசிக்கும் தோழி இருமுறை தொடங்க முடியாமல் வில்லைத் தாழ்த்திவிட்டாள். அவள் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அந்த மௌனம்தான் மாணவியை அதிகமாக வருத்தியது.

ஒலி வரவில்லையே என்று அவள் வில்லை மேலும் அழுத்தினாள். அழுத்த அழுத்தக் கட்டைவிரலின் அடியில் வலி எடுத்தது. எழுதுகோலைப் பிடிக்கும்போதும் அந்த வலி தொடர்ந்தது. விடுமுறைக்கு முந்தைய நாள் ஆசிரியர் அவளை அழைத்து, “இந்த இரண்டு வாரமும் எந்தப் பாடலையும் வாசிக்காதே. வெறும் தந்தியில் வில்லை மட்டும் இழு. அழுத்தாமல் கையின் கனத்தைக் கொடு” என்று கூறி அனுப்பினார். கனத்தைக் கொடுப்பதற்கும் அழுத்துவதற்கும் என்ன வேறுபாடு என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தயக்கமாக இருந்தது.

வில் எவ்வாறு தந்தியை ஒலிக்கச் செய்கிறது என்பதை அறிந்தால் இந்த வேறுபாடு ஓரளவு விளங்கும். வில்லின் மரத்தண்டில் குதிரைவால் மயிர் நீளமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அம்மயிரில் ரோசின் எனும் மரப்பிசின் கட்டியைத் தேய்ப்பார்கள். பிசின் பூசிய மயிர் தந்தியைப் பற்றித் தன்னோடு சிறிது தூரம் இழுத்துச் செல்லும். ஓர் எல்லைக்கு மேல் தந்தி நழுவித் துள்ளிப் பின்வாங்கும். உடனே மயிர் அதை மீண்டும் பற்றிக்கொள்ளும். பற்றுதலும் நழுவுதலும் இடைவிடாமல் மாறி மாறி நிகழ்வதால் எழுவதே நாம் கேட்கும் ஒலி. ஈ தந்தியில் இது வினாடிக்கு 41 முறை நடக்கிறது. மிகக் குறைவாக அழுத்தினால் தந்தி உரிய நேரத்திற்கு முன்பே நழுவிவிடும். ஒலி மெலிந்து சீறும். மிக அதிகமாக அழுத்தினால் நழுவ வேண்டிய நேரத்தில் நழுவ முடியாது; ஒலி கரகரத்து உடையும்.

இந்த நுட்பத்தை ஆராய்ந்தவர்களுள் தமிழகத்தில் பிறந்த அறிவியலறிஞர் ஒருவரும் இருக்கிறார். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனே அவர். 1930இல் ஒளிச்சிதறல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவராகவே அவரைப் பலரும் அறிவர். அதற்கு முன்னர் அவர் பல ஆண்டுகள் இசைக்கருவிகளை ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய தந்தையார் வயலின் வாசிக்கக்கூடியவர். வில்லால் இழுக்கப்படும் தந்தியின் அதிர்வைப் பற்றி இராமன் 1918இல் கல்கத்தாவில் விரிவான ஆய்வுநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னர், வயலினை இயந்திரத்தால் வாசிக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். மனிதக் கை ஒவ்வொரு முறையும் சற்றே மாறுபடும் என்பதால் அளவெடுக்க அது பயன்படாது. ஆகவே, அப்பொறியில் வில்லை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வயலினையே சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகரச் செய்தார். வில்லின்மீது எவ்வளவு பாரம் இருந்தால் தந்தி முழுமையாக ஒலிக்கிறது என்பதைப் படிப்படியாக அளந்தார்.

அவர் கண்ட முடிவு எளிமையானது. தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ எனும் மரத்துண்டை வில் நெருங்க நெருங்க, தேவைப்படும் அழுத்தம் விரைவாகக் கூடுகிறது. தூரம் பாதியாகக் குறைந்தால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். வில்லின் வேகம் கூடினாலும் அழுத்தம் கூட வேண்டும். அழுத்தம், வேகம், இடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே வைத்திருக்க இயலாது. மாணவி அதுவரை செய்த பிழை இதுவே. அவள் அழுத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனாள். வில் குதிரையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையோ எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையோ கவனிக்கவே இல்லை.

டபுள் பேஸில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வயலினில் வில் தந்தியின்மீது மேலிருந்து படுத்திருக்கும். வில்லின் சொந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும். டபுள் பேஸில் தந்திகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. வில் பக்கவாட்டிலிருந்து வந்து அவற்றைத் தொடுகிறது. எனவே, தரையை நோக்கி விழும் கையின் கனத்தைத் தந்தியின் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். அதற்குத் தோளும் முதுகும் துணை நிற்க வேண்டும். அதோடு, பேஸின் வில் ஏறக்குறைய 130 முதல் 140 கிராம் வரை எடையுள்ளது. வயலின் வில்லைப் போல் இரு மடங்குக்கு மேல். ஆனால், நீளத்தில் அதைவிடக் குறைவு. அதன் மயிர்ப்பகுதி ஏறத்தாழ 55 சென்டிமீட்டர்தான். எட்டு வினாடிகள் ஒரே இழுப்பில் ஒலிக்க வேண்டுமானால், வினாடிக்கு ஏழு சென்டிமீட்டர்கூட நகராமல் வில் ஊர்ந்து செல்ல வேண்டும். அந்த எட்டு வினாடிகளில் தந்தி முந்நூறு முறைக்கு மேல் பற்றப்பட்டு நழுவியாக வேண்டும்.

விடுமுறையின் மூன்றாம் நாள் அவள் வழக்கம்போல் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, கூடத்தில் அமர்ந்திருந்த தாத்தா நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அவர். அது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இசை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. “கண்ணு, ஏன் மூச்சை அடக்கிக்கிட்டு வாசிக்கிற?” என்று கேட்டார்.

அவள் திகைத்தாள். தான் மூச்சை அடக்குவது அவளுக்கே தெரியாது.

“நான் வேலைக்குப் போன புதுசுல மூட்டைய கையாலதான் இழுப்பேன், தாத்தா சொல்றேன் கேளு. சாயந்திரம் விரலை மடக்க முடியாது. கூட இருந்த பெரியவர் ஒருத்தர் சொன்னாரு, கை வெறும் கொக்கிதான்டா, தூக்குறது முதுகுன்னு. அதுக்கப்புறம் வலி போயிருச்சு.”

“இது மூட்டை இல்லையே, தாத்தா” என்றாள் அவள் சற்றுச் சலிப்போடு.

“மூட்டை இல்லதான். ஆனா, உன் தோளு காதுகிட்ட ஏறி நிக்குதே” என்று சொல்லிவிட்டுத் தாத்தா நாளிதழை எடுத்துக்கொண்டார்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். தாத்தா சொன்னது உண்மைதான். வலத்தோள் உயர்ந்து இறுகியிருந்தது. கட்டைவிரல் வில்லின் அடிப்பகுதியை நெருக்கிப் பிடித்திருந்தது. அவள் மூச்சை வெளியே விட்டு, தோளைத் தாழ்த்தினாள். விரல்களைக் கொக்கிபோல் வில்லில் தொங்கவிட்டாள். பிறகு, வில்லைத் தந்தியில் வைத்து, முதுகைச் சற்றே சாய்த்து இழுத்தாள். ஒலி எழுந்தது. முழுமையானதாக இல்லை, நுனிக்கு வரும்போது வழக்கம்போல் தேய்ந்தது. ஆனால், தொடக்கத்தில் இருந்த உறுமல் குறைந்திருந்தது. கட்டைவிரலும் வலிக்கவில்லை. ‘கனத்தைக் கொடு’ என்று ஆசிரியர் சொன்னது அப்போதுதான் அவளுடைய உடலுக்குப் புரியத் தொடங்கியது.

அன்று முதல் அவள் பயிற்சியை ஒழுங்குபடுத்திக்கொண்டாள். முதலில், வில்லைத் தந்தியில் வைத்துவிட்டு இழுக்காமலேயே நிற்பாள். மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டதை விரல் நுனியில் உணர்ந்த பிறகே நகர்த்துவாள். தடித்த தந்தி மெதுவாகவே அதிரத் தொடங்கும் என்பதால் இந்த ஆயத்தம் இன்றியமையாதது. அடுத்து, நிமிடத்திற்கு 60 என்று தாளக்கருவியை முடுக்கிவிட்டு, நான்கு எண்ணிக்கைக்கு ஓர் இழுப்பு, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தள்ளல் என்று மாறி மாறி வாசிப்பாள். அது சீரான பிறகு ஆறு, பின்னர் எட்டு என்று நீட்டுவாள். வில் குதிரைக்கு இணையாகச் செல்கிறதா என்பதைக் கண்ணாடியில் கவனிப்பாள். வில் கோணலாகப் போனால் தந்தியின்மீது அதன் இடம் நழுவிவிடும். இடம் நழுவினால் ஒலியும் நழுவிவிடும்.

மிகவும் கடினமாக இருந்தது வில்லின் நுனிதான். கைப்பிடியின் அருகே வில் கனமானது, நுனியில் இலேசானது. ஆகவே, கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கிச் செல்லும்போது, குறைந்துகொண்டே வரும் எடையைக் கை சிறிது சிறிதாக ஈடுசெய்ய வேண்டும். கேட்பவருக்கு எந்த மாற்றமும் தெரியக் கூடாது. ஒலி மாறாமல் இருக்க வேண்டுமானால் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அவள் அப்போது கண்டுகொண்டாள். அரை மணி நேரத்திற்கு மேல் ஒரே மூச்சில் பயிற்சி செய்யாமல், இடையிடையே கையை உதறி ஓய்வு கொடுத்தாள். இடக்கை முழுநேரமும் சும்மா இருந்தது. இதுவரை பாராட்டெல்லாம் பெற்றது விரைந்தோடும் இடக்கை விரல்கள்தாம். ஒலியைப் பிறப்பிப்பது வலக்கை என்பதை அவள் ஒன்பது ஆண்டுகள் வயலின் கற்றும் இவ்வளவு தெளிவாக எண்ணிப் பார்த்ததில்லை.

அவளை மேலும் தடுமாறச் செய்தது வில்லைப் பிடிக்கும் முறை. டபுள் பேஸில் இரு வகைப் பிடிகள் உள்ளன. பிரெஞ்சு முறையில், வயலினைப் போலவே உள்ளங்கை கீழ்நோக்க, வில்லை மேலிருந்து பிடிப்பார்கள். ஜெர்மானிய முறையில், கை வில்லின் பக்கவாட்டிலிருந்து அடிப்பகுதியைத் தாங்கிப் பிடிக்கும். பள்ளியில் இருந்தது ஜெர்மானிய வில். பழகிய வயலின் பிடியை மறந்து புதியதைக் கற்பது அவளுக்கு எரிச்சலூட்டியது. ஒருநாள் எர்ஹூ வாசிக்கும் தோழி வீட்டிற்கு வந்தபோது, இருவரும் தத்தம் வில்லை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எர்ஹூவின் வில்மயிர் இரு தந்திகளுக்கும் நடுவே நுழைந்து செல்லும். அதைப் பிடிப்பவரின் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். அதைக் கண்டதும் ஜெர்மானியப் பிடி அவளுக்கு அத்துணை அந்நியமாகத் தோன்றவில்லை. தோழி கற்ற பிடியின் உறவுக்காரன்தானே இது!

நம் நாட்டில் வில்லிசைக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கிளந்தானின் மாக் யோங் நாடகத்தில் ரெபாப் எனும் மூன்று தந்திக் கருவி முதன்மை பெறுகிறது. யுனெஸ்கோ அந்நாடகக் கலையை 2005இல் மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. சீனர்கள் எர்ஹூவைக் கொண்டுவந்தார்கள். தமிழர்கள் கொண்டுவந்த வயலினோ முதலில் ஐரோப்பாவிலிருந்து தமிழகத்திற்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்கு ஏற்றவாறு கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். நின்று வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறை உருவாயிற்று. பாடகரின் குரலைப் பின்தொடர்வதற்கேற்ப வில்லின் போக்கும் மாறியது. கருவி எங்கிருந்து வந்தாலும், வில்லைப் பிடிப்பவரின் கையும் காதும் பொறுமையாக உழைத்தால், அது அவருடைய மொழியைப் பேசும் என்பதற்கு இவையனைத்தும் சான்றுகள்.

விடுமுறையின் இறுதி வாரத்தில் அப்பா அவளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றார். இரட்டைக் கோபுர வளாகத்திலுள்ள பெட்ரோனாஸ் இசையரங்கில், 1998ஆம் ஆண்டு முதல் இசை நிகழ்ச்சிகளை நடத்திவரும் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நிகழ்ச்சி அன்று நடைபெற்றது. அரங்கிலிருந்த பலரின் கண்கள் நடுவிலிருந்த வயலின் கலைஞர்மீது இருந்தன. அவளோ ஓரத்தில் நின்ற டபுள் பேஸ் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய விற்கள் அவசரமின்றி ஊர்ந்தன. ஒருவருடைய தோள்கூட உயரவில்லை. மெல்லிய பகுதி ஒன்றில் அவர்கள் எல்லாரும் ஒரு சேர வாசிப்பதை நிறுத்தியபோது, அரங்கின் தரையே திடீரென்று விலகியது போல் அவளுக்குத் தோன்றியது. அதுவரை அந்த ஒலி இருந்ததையே அவள் தனியாகக் கவனிக்கவில்லை.

பள்ளி திறந்தது. முதல் கூட்டுப்பயிற்சியில் ஆசிரியர் கையை உயர்த்தினார். அவள் வில்லைத் தந்தியில் வைத்தாள், மூச்சை விட்டாள், இழுத்தாள். முதல் ஐந்து எண்ணிக்கை சீராக ஒலித்தது. ஆறாவதில் ஒலி சிறிது நடுங்கியது. அவள் அழுத்தவில்லை. வில்லின் வேகத்தைச் சற்றே குறைத்து, முதுகை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ஒலி நிலைபெற்றது. எட்டாவது எண்ணிக்கை முடியும் முன்பே தோழியின் எர்ஹூ அதன்மேல் மெல்ல ஏறி நின்று பாடத் தொடங்கியது. ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார். இருமுறை நின்றுபோன இடத்தைத் தாண்டி இசை போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அதுவே போதுமான பாராட்டாக இருந்தது.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது, டபுள் பேஸ் பள்ளி இசையறையின் மூலையில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், “இன்று ஏன் சத்தமே இல்லை? அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டேனே!” என்று கேட்டார்.